சிறை வாசலுக்கு வெளியே எண்ணுங்கள்

சிறைவாசிகளுக்கான சீர்திருத்தத் திட்டங்களுக்கு ஒப்புதல் வழங்கும் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை மூன்றரை மணிக்கு, வழக்கம்போல் மத்திய சிறையின் வாசலில் கைபேசியை ஒப்படைத்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்திடக் குனிந்தேன். வாசல் காவலர் பதிவேட்டின்மேல் கையை வைத்துக்கொண்டார். “இன்றிலிருந்து வகுப்பு இல்லை ஐயா. உத்தரவு வந்திருக்கிறது” என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே அலுவலகத்தில் நகலைக் காட்டினார்கள். மாலை நேர எழுத்தறிவு வகுப்பால் பலன் விளைந்ததற்குப் புள்ளிவிவர ஆதாரம் இல்லாததால் அது நிறுத்தப்படுகிறது. அந்தக் கூடமும் அந்த நேரமும் பள்ளி மாணவர்களுக்கான குற்றத்தடுப்பு விழிப்புணர்வுத் திட்டத்துக்கு ஒதுக்கப்படுகின்றன. இவ்வளவுதான் உத்தரவு. பதினோரு ஆண்டு வகுப்புக்கு இரண்டு வரி.

எந்தச் சிறை என்று இங்கே எழுதப்போவதில்லை. அங்குள்ள அலுவலர்கள்மேல் எனக்குப் புகார் கிடையாது; முடிவு அவர்கள் எடுத்ததல்ல. நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வாரம் மூன்று நாள், கைதிகளை அறைகளில் அடைக்கும் லாக்-அப் மணி அடிப்பதற்கு முன் ஒன்றரை மணி நேரம், சம்பளமில்லாமல் எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். ஆகவே பிழைப்பு போன வருத்தத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆதாரம் இல்லை என்று சொல்லி ஒன்றை மூடியிருக்கிறீர்கள். அதே கூடத்தில் நீங்கள் திறந்து வைத்திருக்கும் திட்டத்துக்கு ஆதாரம் இருக்கிறது, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. அது பிள்ளைகளைக் கெடுக்கிறது என்பதற்கான ஆதாரம் அது.

முன்னோட்டம் என்று ஒரு நாள் நடத்தினீர்களே, அன்று நான் அங்கே இருந்தேன். ஒன்பதாம் வகுப்பும் பதினோராம் வகுப்பும் படிக்கும் பையன்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். பள்ளியில் கைகலப்பு, வகுப்புக்கு மட்டம், பையில் கத்தி என்று ஏதோ ஒன்றில் மாட்டியவர்களாகப் பார்த்து அனுப்பியிருந்தார்கள். என் வகுப்புக் கூடத்தில் தரையில் உட்காரவைத்தார்கள். கரும்பலகையில் முதல்நாள் நான் எழுதிப்போட்ட ‘பள்ளம், பழம், பல்லக்கு’ அழிக்கப்படாமல் இருந்தது. அதற்கு முன்னால் மூன்று ஆயுள் தண்டனைக் கைதிகளை நிறுத்தி, பையன்களைப் பார்த்துக் கத்தச் சொன்னார்கள். உள்ளே வந்தால் என்னவெல்லாம் நடக்கும் என்று கத்த வேண்டும். முன்வரிசையில் இரண்டு பேர் அழுதார்கள். அழுதவர்களைப் படம் எடுத்தார்கள்.

பின்வரிசையில் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்த ஒரு பையன் அழவில்லை. தன் பகுதியைச் சேர்ந்த ஒரு விசாரணைக் கைதியின் பெயரைச் சொல்லி, “அவர் எந்த பிளாக்கில் இருக்கிறார்? பார்க்க முடியுமா?” என்று காவலரைக் கேட்டான். கிரிக்கெட் வீரர் தங்கியிருக்கும் ஓட்டலின் வாசலில் நின்று கேட்பவனைப் போன்ற முகம். வேனில் ஏறும்போது ஒருவன் இன்னொருவனின் கழுத்துச் சட்டையைப் பிடித்து அந்த ஆயுள் கைதி மாதிரியே கத்திக் காட்ட, மற்றவர்கள் சிரித்தார்கள். அறிக்கையில் ‘மாணவர்கள் கண்ணீர் மல்க உறுதிமொழி ஏற்றனர்’ என்று போட்டிருக்கிறது.

கத்தவைக்கப்பட்ட மூவரில் ஒருவர் சமையல் கூடத்தில் வேலை செய்பவர், என் மாணவர். மறுநாள் வகுப்புக்கு வந்தார், எழுதவில்லை. “என் மகன் வயசுப் பிள்ளை ஐயா. அவன் முகத்துக்கு நேரே அப்படிக் கத்தினேன். ராத்திரி சோறு இறங்கவில்லை” என்றார். திட்டத்தின் செலவுக் கணக்கில் இது எந்தத் தலைப்பில் வரும்?

இப்படி ஒரு யோசனை உங்களுக்குத்தான் முதலில் தோன்றியது என்று எண்ண வேண்டாம். 1976இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ராவே சிறையில் ஆயுள் கைதிகளின் குழு ஒன்று இதையே தொடங்கியது. ‘ஸ்கேர்டு ஸ்ட்ரெய்ட்’, அதாவது பயமுறுத்தித் திருத்துவது, என்ற பெயரில் உலகமே அறிந்தது. 1978இல் அதைப் பற்றிய ஆவணப்படம் வந்து ஆஸ்கரும் வாங்கியது. வந்த பையன்களில் பெரும்பாலோர் திருந்திவிட்டார்கள் என்று படம் சொன்னது. ஊர் ஊராக அதேபோல் தொடங்கினார்கள். ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் ஃபின்கெனாவர் மட்டும் யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார். சிறைக்குக் கூட்டிவரப்படாத, இவர்களைப் போன்ற பையன்கள் என்ன ஆனார்கள்? சிறைக்கு வந்த 46 பேரையும் வராத 35 பேரையும் ஆறு மாதம் தொடர்ந்து பார்த்தார். வந்தவர்களில் 41.3 சதவீதம் பேர் அதற்குள் குற்றத்தில் சிக்கியிருந்தார்கள். வராதவர்களில் 11.4 சதவீதம்.

அந்த ஓர் ஆய்வில் குறையும் உண்டு. பையன்களை இரண்டு குழுவாகப் பிரித்தது அவர் திட்டமிட்டபடி முழுவதும் ஒழுங்காக நடக்கவில்லை. அதை மட்டும் வைத்துக்கொண்டு நான் உங்களோடு வாதாட வரவில்லை. பிறகு ஆந்தனி பெட்ரோசினோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், இம்மாதிரித் திட்டங்களில் குலுக்கல் போன்ற முறையில் குழு பிரித்துச் செய்யப்பட்ட ஒன்பது ஆய்வுகளைத் தேடிச் சேர்த்தார்கள். 1967 முதல் 1992 வரை நடந்தவை. ஏறக்குறைய ஆயிரம் இளைஞர்கள். சேர்த்து எடைபோட்டபோது கிடைத்த முடிவு, ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால்கூட இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்பது. ‘பலன் இல்லை’ என்றுகூட அவர்கள் முடிக்கவில்லை. கெடுதல் என்றார்கள்.

எனக்கு இது புரிய நாளாயிற்று. ‘அடியாத மாடு படியாது’ என்று வகுப்பில் பிரம்பு வைத்திருந்தவன்தான் நானும். பயந்தால் திருந்துவான் என்பது நம் எல்லோருக்கும் தாய்ப்பால் மாதிரி ஊட்டப்பட்ட நம்பிக்கை. ஆனால் பதினைந்து வயதுப் பையனுக்குப் பயம் வெட்கமாக மாறும், வெட்கம் வீம்பாக மாறும். ஊரில் வம்பு செய்யும் இருபது பேரை ஒரே வேனில் ஏற்றி ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைக்கும் வேலையையும் சேர்த்தே நாம் செய்கிறோம். காரணம் இவற்றில் எது என்று அந்த ஆய்வுகள் அறுதியிட்டுச் சொல்லவில்லை. இது வகுப்பறையில் நின்றவனின் ஊகம். விளைவு மட்டும் ஊகமல்ல. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குற்றம் சாட்டப்பட்ட சிறுவனைக்கூட எக்காரணம் கொண்டும் போலீஸ் லாக்-அப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது என்கிறது. சிறையின் நிழல் சிறுவன்மேல் படக் கூடாது என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்தார்கள். நாம் வேன் வைத்துக் கூட்டி வருகிறோம்.

நல்ல எண்ணத்தில் செய்கிறோம் என்பீர்கள். சந்தேகமில்லை. இங்கிலாந்திலும் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். பாலியல் குற்றவாளிகளுக்கென்று உளவியலாளர்கள் வகுத்த ஒரு சிகிச்சைத் திட்டத்தை 1990களின் தொடக்கத்திலிருந்து அங்கே சிறைகளில் நடத்தினார்கள். கால் நூற்றாண்டு. பிறகு அந்நாட்டு நீதி அமைச்சகமே கணக்குப் பார்த்தது. சிகிச்சை பெற்ற 2,562 பேரையும், பெறாத, ஏறத்தாழ அதே பின்னணி கொண்ட 13,219 பேரையும் சராசரியாக எட்டு ஆண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்ததில், மீண்டும் பாலியல் குற்றம் செய்தவர்கள் பெற்றவர்களில் 10 சதவீதம், பெறாதவர்களில் 8 சதவீதம். வித்தியாசம் சிறியதுதான். ஆனால் திசை தவறாக இருந்தது. 2017இல் அதை நிறுத்தினார்கள், ஆய்வையும் வெளியிட்டார்கள். தன் திட்டம் தோற்றதைத் தானே அச்சடித்து வெளியிடும் துணிவு ஓர் அமைச்சகத்துக்கு இருந்ததை நினைத்து நான் கொஞ்சம் பொறாமைப்பட்டேன்.

இனி உங்கள் உத்தரவின் முதல் வரிக்கு வருகிறேன். ‘பலன் விளைந்ததற்கு ஆதாரம் இல்லை.’ உண்மை. ஆதாரம் இல்லை, ஏனென்றால் யாரும் பார்க்கவில்லை. பார்க்காததால் இல்லாத ஆதாரத்தையும், பார்த்தும் கிடைக்காத ஆதாரத்தையும் ஒன்றாக்கிப் பேசுவது பழைய பிழை. 1974இல் ராபர்ட் மார்ட்டின்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், 231 ஆய்வுகளை அலசிய ஒரு பெரிய வேலையை வைத்து, சீர்திருத்தத் திட்டங்களால் மறுகுற்றம் குறைவதாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதினார். ‘எதுவும் பலிக்காது’ என்பதே கோஷமாகிவிட்டது. பணத்தை மிச்சப்படுத்த நினைத்தவர்களுக்கும் தண்டனையைக் கூட்ட நினைத்தவர்களுக்கும் அது ஒருசேரப் பிடித்துப்போயிற்று. அந்த 231இல் பல, அரைகுறையாக நடத்தப்பட்ட திட்டங்களைப் பற்றியவை. பல, ஆய்வே அரைகுறை. 1979இல் அவரே தம் முடிவைத் திரும்பப் பெற்றார். அதற்குள் கோஷம் ஊர் போய்ச் சேர்ந்திருந்தது.

எங்கள் சிறையில் எண்ணுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. எண்ணிக்கொண்டேதான் இருக்கிறோம், சிறை வாசலுக்கு உள்ளே. ஒரு விழா நாளில் 40 பேர் படித்த கணினிப் பயிற்சிக்கு 120 பேர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். மிச்ச 80 பேர் சமையல் கூடத்திலிருந்தும் தறிக் கூடத்திலிருந்தும் அழைத்துவரப்பட்டவர்கள். வருகைத் தாளில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அதில் சிலருக்கு நான்தான் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்திருந்தேன் என்பது தனி வேடிக்கை. ‘பயனடைந்தோர் 120’ என்று அறிக்கை போயிற்று.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான், இருபத்து மூன்று வயது இருக்கும். ஒருநாள் பிளாஸ்டிக் உறை ஒன்றைப் பிரித்துக் காட்டினான். கணினி அடிப்படை, மெழுகுவத்தி தயாரிப்பு, யோகா, தையல். நாலு சான்றிதழ். சுருக்கம் விழாமல் வைத்திருந்தான். “எல்லாவற்றிலும் பாஸ் ஐயா” என்றான். அவன் உள்ளே வந்தது அது மூன்றாவது தடவை. நம் ஆண்டறிக்கைகளில் அவன் நாலு முறை வெற்றியாக எண்ணப்பட்டிருக்கிறான். அவன் திரும்பி வந்ததை எண்ணும் கட்டம் எந்தப் படிவத்திலும் கிடையாது. ‘வெளியே போய்த் தையல் கடையில் கேட்டாயா?’ என்றேன். கேட்டானாம். சான்றிதழின் மேலே அச்சடித்திருந்த சிறையின் பெயரைப் பார்த்துவிட்டு, நாளைக்கு வா என்றார்களாம். ஒருவன் வெளியே போன முதல் மாதத்தில் அவனைத் தேடிப்போய்க் கேட்டிருந்தால் இந்த ஒரு விஷயம் என்றைக்கோ நமக்குத் தெரிந்திருக்கும். சான்றிதழைச் சிறையின் பெயரில் கொடுக்காமல் ஐ.டி.ஐ. பெயரில் கொடுத்திருப்போம். செலவு ஒரு ரப்பர் ஸ்டாம்ப்.

தேசிய அளவிலும் நிலைமை இதுதான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவர அறிக்கையில் எத்தனை பேருக்கு எழுத்தறிவு, எத்தனை பேருக்குத் தொழிற்பயிற்சி என்று அட்டவணைகள் நிறைய உண்டு. இன்ன பயிற்சி பெற்றவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், பெறாதவர்களில் எத்தனை பேர் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் அட்டவணை கிடையாது.

என்னிடமும் ஒரு கணக்கு உண்டு. பதினோரு ஆண்டாக ஒரு நீலநிற நோட்டில் எழுதி வந்தது. விடுதலையான பிறகு கடிதம் போட்டவர்கள், பஸ் நிலையத்தில் எதிர்ப்பட்டவர்கள், மகளின் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தவர்கள். எழுபது பெயருக்கு மேல் இருக்கும். அதில் பெரும்பாலோர் நன்றாக இருக்கிறார்கள். நாற்பது வயதுக்கு மேல் ‘அ’ எழுதத் தொடங்கிய ஒருவர், எழுத்துக் கூட்டி வாசிக்க வந்ததும் கதைப் புத்தகம் கேட்கவில்லை. தன் தீர்ப்பு நகலைக் கொண்டுவந்து விரித்தார். மூன்று வாரம் விரலை ஓட்டி வாசித்தார். “ஐயா, என் அப்பா பெயரையே தப்பாகப் போட்டிருக்கிறார்கள். இத்தனை வருஷம் எனக்குத் தெரியவில்லையே” என்றார். இப்போது ஊரில் டீக்கடை வைத்திருக்கிறார். கணக்கு நோட்டை அவரே எழுதுகிறார். போன பொங்கலுக்கு அதை எனக்குக் காட்டினார். ‘பாக்கி’ என்பதில் ஒற்று விட்டிருந்தது. திருத்தினேன்.

இந்த நோட்டை உங்கள் மேஜையில் வைத்து ‘இதோ ஆதாரம்’ என்று சொல்ல எனக்கு ஆசைதான். சொல்ல மாட்டேன். நோட்டில் இருப்பவர்கள் என்னைத் தேடி வந்தவர்கள். நன்றாக இல்லாதவன் கல்யாணப் பத்திரிகை கொண்டுவர மாட்டான். இரண்டாவது, வகுப்புக்குப் பெயர் கொடுத்தவர்களே ஏற்கெனவே மாற வேண்டும் என்று நினைத்தவர்களாக இருக்கலாம். நான் சொல்லிக் கொடுக்காவிட்டாலும் அவர்கள் நன்றாகத்தான் இருந்திருப்பார்களோ என்னவோ. கோழி கூவியதால் பொழுது விடிந்தது என்று கோழி நினைத்துக்கொள்ளலாம், வாத்தியார் நினைக்கக் கூடாது. அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2013இல் சிறைக் கல்வி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து, கல்வியில் சேர்ந்தவர்களிடையே மறுபடி சிறைக்குத் திரும்புவது 13 சதவீதப் புள்ளி குறைவு என்று சொன்னது. என் தரப்புக்கு இனிப்பான செய்தி. அந்த ஆய்வுகளில் பலவற்றிலும் இதே கேள்வி, சேர்ந்தவர்களே வேறு மாதிரியானவர்களா என்ற கேள்வி, முழுதாகத் தீரவில்லை. அமெரிக்கச் சிறை நம் சிறையும் அல்ல. ஆகவே இங்கேயே பார்த்துவிடுவோம் என்பதுதான் என் கட்சி.

‘அப்படியானால் மாணவர் திட்டத்துக்கு மட்டும் அமெரிக்க ஆய்வு செல்லுமா?’ என்று நீங்கள் மடக்கலாம். நியாயமான கேள்வி. எழுத்துச் சொல்லிக் கொடுத்துப் பலிக்காமல் போனால் நஷ்டம் கொஞ்சம் சாக்பீஸ், என் மாலை நேரம். மாணவர் திட்டம் தவறினால் நஷ்டம் யாரோ பெற்ற பிள்ளை. ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கெடுதல் என்று சொல்லப்பட்ட ஒன்றைப் பத்தாவது தடவை நம் பிள்ளைகளை வைத்துப் பார்க்க வேண்டுமென்றால், பார்க்கத்தான் வேண்டும் என்பவர்தான் காரணம் காட்ட வேண்டும்.

எழுத்தறிவு வகுப்பைச் சோதிப்பது கஷ்டமே அல்ல. கூடத்தில் 30 பேர் உட்காரலாம். ஒவ்வொரு முறையும் 80 பேருக்கு மேல் பெயர் கொடுப்பார்கள். இதுவரை யார் உள்ளே வருவது என்பதை பிளாக் பொறுப்பாளரின் தயவு முடிவு செய்தது. அதற்குப் பதில் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். இடம் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும், மாற வேண்டும் என்ற ஆசையில் சமமானவர்கள். எல்லோருமே பெயர் கொடுத்தவர்கள்தானே. இரண்டு ஆண்டு கழித்து இரு பக்கத்தையும் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அது வகுப்பால். பராந்தக சோழன் காலத்தில், வாரியம் என்ற ஊர்க் குழுவுக்கு ஆள் எடுக்க ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஏதும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள் என்று உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்க் கல்வெட்டு சொல்கிறது. தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்கு இன்றும் பெற்றோர் முன்னால் குலுக்குகிறோம். குலுக்கல் அநியாயம் என்று நம்மில் யாரும் சொல்வதில்லை. தயவைத்தான் அநியாயம் என்கிறோம்.

அரசுக்கும் இது புதிதல்ல. தமிழ்நாட்டில் அங்கன்வாடி மையங்களில் கூடுதலாக ஓர் அரைநேரப் பணியாளரைப் போட்டால் என்ன ஆகும் என்று, எந்த மையத்துக்கு என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்து பார்த்தார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கும் நேரம் இரட்டிப்பானது, மதிப்பெண் கூடியது, வளர்ச்சிக் குறைபாடும் குறைந்தது. ‘இல்லம் தேடிக் கல்வி’யையும் வெளியார் வந்து அளந்தார்கள். மூன்று வயதுக் குழந்தைக்குச் செய்த மரியாதையை முப்பது வயதுக் கைதிக்கும் செய்யுங்கள் என்கிறேன்.

எதை அளப்பது என்பதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ‘மறுபடி கைதானாரா?’ என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஒருமுறை உள்ளே போய்வந்தவனை, ஊரில் ஒரு வண்டி காணாமல் போனாலும் முதலில் கூப்பிடுவார்கள். 1982ஆம் ஆண்டின் தடுப்புக் காவல் சட்டத்தில், நாம் குண்டர் சட்டம் என்று சொல்வதில், விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். மறுகைது என்பது காவல்துறையின் நடவடிக்கையைக் காட்டும் எண், அந்த மனிதன் எப்படி நடந்துகொண்டான் என்பதை அது சொல்லாது. நீதிமன்றத்தில் மறுபடி தண்டனை பெற்றாரா என்று பாருங்கள். வேலை இருக்கிறதா, ஒரே முகவரியில் ஆறு மாதம் இருக்கிறாரா, வீட்டார் சேர்த்துக்கொண்டார்களா என்று பாருங்கள்.

இன்னொரு சிக்கல் யாருக்குப் பயிற்சி தருகிறோம் என்பது. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். ஜாமீன் எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாது. ஆறுமாதப் பாடத்திட்டத்தைத் தண்டனைக் கைதியை மனத்தில் வைத்து எழுதி, விசாரணைக் கைதியை அதில் உட்காரவைத்து, ஜாமீனில் போனதும் ‘இடையில் நின்றவர்’ என்று குறிக்கிறோம். என் வகுப்பில் ‘ஊ’வோடு விடுதலையாகிப் போனவர்கள் உண்டு. அவர்களுக்குப் பத்து நாளில் முடிகிற பாடம் வேண்டும். பெயர் எழுதுவது, மனு வாசிப்பது, பஸ் பலகை வாசிப்பது. அப்படி ஒன்றை யாரும் வகுக்கவில்லை. எங்கே நின்றார்கள் என்று யாரும் குறித்துவைக்காததால் யாருக்கும் தோன்றவும் இல்லை.

விடுதலையானவர்களைத் தேடிப் பிடிக்க ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். சிறைப் பதிவுகள் இ-பிரிசன்ஸ் என்ற கணினிப் பதிவேட்டில் ஏறிவிட்டன. காவல் நிலையம், நீதிமன்றம், சிறை மூன்றையும் இணைக்கும் கணினி வலையமைப்பு நடைமுறையில் இருக்கிறது. ஒருவனைப் பிடிக்க அந்த வலையில் தேட முடிகிறதென்றால், ஒருவன் திரும்ப வராததைத் தெரிந்துகொள்ளவும் அதே வலையில் தேட முடியும். பெயரை நீக்கிவிட்டு எண்ணாக மட்டும் ஆய்வாளரிடம் கொடுத்தால் யாருடைய மானமும் போகாது.

நான் கேட்பது இவை.

பள்ளி மாணவர்களைச் சிறைக்கு அழைத்துவந்து மிரட்டும் திட்டத்தை உடனே நிறுத்துங்கள். ஒத்திவைப்பு, மறுபரிசீலனை என்ற சொற்கள் வேண்டாம். முன்னோட்டத்துக்கு வந்த பையன்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு நன்னடத்தை அலுவலரை அனுப்பி விசாரியுங்கள். மிரட்ட அல்ல, விசாரிக்க. அன்று எடுத்த புகைப்படங்களை அழித்துவிடுங்கள். அழுத பிள்ளையின் முகம் எந்த அறிக்கையிலும் இருக்கக் கூடாது.

எழுத்தறிவு வகுப்பைத் திறந்துவிடுங்கள், ஆனால் பழையபடி அல்ல. குலுக்கல் முறையில் சேர்க்கை, இரண்டு ஆண்டுக் கண்காணிப்பு. ஒரு சிறையின் 30 பேரை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும். மாநிலத்தின் ஒன்பது மத்திய சிறைகளிலும் ஒரே முறையில் நடத்தினால் எண்ணிக்கை தேறும். அளப்பவர்கள் நடத்துபவர்களாக இருக்கக் கூடாது, நான் உட்பட. 1979 முதல் வேலூரில் சிறை நிர்வாகத்துக்கென்றே ஒரு பயிற்சி நிறுவனம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் இருக்கின்றன. ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் விடுங்கள். முடிவு எப்படி வந்தாலும் மூன்று மாதத்துக்குள் தமிழில் வெளியிடுவோம் என்று ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள். வகுப்பால் ஒன்றும் ஆகவில்லை என்று வந்தால் சாவியை நானே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறேன், இதே போல் ஒரு மடல் எழுத மாட்டேன்.

தையல், கணினி, மெழுகுவத்தி, யோகா, மனநல ஆலோசனை எல்லாவற்றுக்கும் இந்த ஆண்டு அறிக்கையிலிருந்தே ‘பயனடைந்தோர்’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டு ‘கலந்துகொண்டோர்’ என்று மாற்றுங்கள். பயனடைந்தாரா என்பது வெளியே போன பிறகு தெரிய வேண்டியது. அதற்கு ஒரு புதிய கட்டம் போடுங்கள், முதல் இரண்டு ஆண்டு அது காலியாக இருந்தாலும் பரவாயில்லை. புதிதாக எந்தத் திட்டம் வந்தாலும், இதை வேறெங்காவது செய்து பார்த்தார்களா, என்ன ஆயிற்று என்று ஒரு பக்கம் எழுதி இணைக்காமல் ஒப்புதல் தராதீர்கள். அந்த ஒரு பக்கம் இருந்திருந்தால் வேன் வந்திருக்காது.

கடைசியாக ஒன்று. கூடத்தின் இடதுபக்க இரும்பு அலமாரியில் 26 நோட்டுகள் இருக்கின்றன. பாதி எழுதிய கட்டுரைகள், வீட்டுக்கு எழுதிப் பழகிய கடிதங்கள். அலமாரியைக் காலி செய்யச் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அட்டையில் பெயரும் பிளாக் எண்ணும் இருக்கும். எடைக்குப் போடாமல் உரியவர்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கு ஆய்வு எதுவும் தேவையில்லை.

இப்படிக்கு,
பதினோரு ஆண்டு அந்தக் கூடத்தில் பாடம் நடத்திய ஓய்வுபெற்ற தமிழாசிரியர்